ஒரு காசுச் சவாரி

அந்த அம்மாளிடம் பேரம் பேசித் தோற்ற நோயாளி எங்கள் பக்கத்தில் கிடையாது. குளிர்ஜுரத்தில் பல் கிட்டிப்போய்க் கிடக்கிறவன்கூட ஜெயித்துவிடுவான். "மூணு காசு" என்று ஆரம்பிப்பார். கிடக்கிறவன் "என்னம்மா இது அநியாயம்" என்று முனகினால் போதும். முகத்தைச் சுளிப்பார், வண்டியோட்டியை முறைப்பார், புண்ணாக்கு விற்கிற விலையைச் சொல்லிப் புலம்புவார், பிறகு இரண்டு காசுக்கு இறங்குவார். இன்னொரு முனகலுக்கு ஒரு காசு. அந்த ஒரு காசில் நின்றுவிடுவார். அதற்குக் கீழே பரமசிவனே வந்து கேட்டாலும் நடக்காது. காசை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, இடுப்பிலிருந்த சுருக்குப்பையில் போட்ட பிறகுதான் "ஏத்துங்கடா" என்பார்.

மலாயாவில் கோத்தா திங்கி டவுனிலிருந்து எட்டு மைல், எங்கள் பேச்சில் எட்டாங்கட்டை, அங்கே ரோட்டோரத்தில் அவருடைய மாட்டுக்கொட்டகை இருந்தது. ஆறு வண்டி, பன்னிரண்டு மாடு. சுற்றிலும் சின்னச் சின்ன ரப்பர்த் தோட்டங்கள். பெரிய தோட்டமென்றால் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருப்பான். சின்னத் தோட்டத்தில் யாருக்காவது உடம்புக்கு வந்தால் எட்டாங்கட்டைவரை தூக்கி வந்து, அங்கிருந்து வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி என்றால் அந்த அம்மாளின் வண்டிதான். வண்டிக்காரம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெயர் இருந்திருக்கும். லைசென்ஸ் காகிதத்தில் நானே எழுதியிருக்கிறேன். இங்கே எழுத மனம் வரவில்லை.

நெடுநெடுவென்று உயரம். வெயிலுக்குத் தலையில் ஆம்பிளை மாதிரித் துண்டு. குரல் மட்டும் மாடு ஓட்டி ஓட்டிக் கரகரத்துப் போயிருக்கும். புருஷன் விட்டுவிட்டுப் போன இரண்டு வண்டியை ஆறாக்கியவர். எப்படி ஆக்கினார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் டவுனில் அரிசிக் கடை வைத்திருந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், அவரிடம் கேட்க வேண்டும். மூட்டைக் கூலியில் கால் காசு குறைக்க அந்த மனிதர் பதினைந்து வருஷம் பிரயாசைப்பட்டார். நடக்கவில்லை. அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு "அலமாக்" என்பார், இந்த அம்மாள் பேசாமல் மாட்டை அவிழ்க்கப் போவார், அவர் பின்னாலேயே ஓடி வந்து முழுக் கூலியையும் எண்ணித் தருவார். ஊரில் கருமி என்று பெயர். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வியாபாரம் தெரியாத கருமி என்று சேர்த்துச் சொல்வேன். காரணம், நானும் அவரிடம் பேரம் பேசி ஜெயித்தவன்.

ஐரோப்பாவில் முதல் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்து, எட்டாங்கட்டைக்கு உள்ளே ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாகச் சேர்ந்திருந்தேன். மூன்றாம் மாதமே காய்ச்சல் பிடித்தது. இரண்டு பேர் என்னைக் கம்பளியில் சுருட்டித் தூக்கி வந்து கொட்டகை வாசலில் போட்டார்கள். மூன்று காசு என்றார். எனக்கு இங்கிலீஷ் தெரியும், என்னிடமா? நடுங்கிக்கொண்டே பேரம் பேசினேன். ஒரு காசு, இல்லாவிட்டால் நடந்தே போவேன் என்று சொல்லிவிட்டேன். உட்காரவே முடியாதவன்! அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். வண்டியில் தென்னை நார் மெத்தை, மேலே கித்தான் கூண்டு, முன்னால் கொட்டகையிலேயே நல்ல ஜோடி மாடு. என் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் பிழைத்து எழுந்த பிறகு இந்தக் கதையைச் சொல்லாத இடமில்லை. பத்து வருஷம் சொன்னேன்.

பிழைத்தவன் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. டவுன் போர்டு ஆபீஸ் வராந்தாவில் ஒரு மேஜை போட்டுக்கொண்டேன். தமிழாட்களுக்குப் பெட்டிஷன் எழுதுவது, துரைமார் கேட்கும்போது உள்ளே போய் மொழிபெயர்த்துச் சொல்வது, இதுதான் பிழைப்பு. வராந்தாவில் உட்கார ஆபீஸ் கொடுத்த அனுமதிச் சீட்டு ஒன்று உண்டு. அந்தச் சீட்டுதான் என் வீட்டில் உலை கொதிக்க வைத்தது. கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. ஊரெல்லாம் என்னை ஐயா என்று கூப்பிடும். அந்த அம்மாள் மட்டும் தம்பி என்பார். சுருக்கென்றிருக்கும், என்ன செய்வது, வயதில் பெரியவர்.

ஒரு சமயம் உள்தோட்டத்தில் ஒரு வேலை முடித்துவிட்டு டவுனுக்குத் திரும்ப வண்டிக்காகக் கொட்டகையில் காத்திருந்தேன். பின்புறம் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் இந்த அம்மாள் ஒரு கோணி ஊசியை வைத்துக்கொண்டு நல்ல சாக்குகளின் தையலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். சாக்குக்குச் சாக்கு, அடித்தையல் முழுக்க. என்னைக் கண்டதும் ஊசியை மடியில் மறைத்துக்கொண்டு, "எலி கடிச்சுப் போட்டிருக்கு தம்பி" என்றார். எலி இவ்வளவு நேர்க்கோட்டில் கடிக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ஒரு பெண், பாம்பு கடித்து இறந்துபோன வண்டியோட்டியின் பெண்டாட்டி, கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்து அந்தச் சாக்குகளைத் தைக்க ஆரம்பித்தாள். ஒரு சாக்குக்கு இவ்வளவு என்று கூலி. அந்த அம்மாள் பக்கத்தில் நின்று தையல் நீளமாக விழுகிறது, நெருக்கிப் போடு என்று அவளைத் திட்டினார் பாருங்கள், எனக்கே அந்தப் பெண்ணின் மேல் இரக்கம் வந்தது. அவளோ கொஞ்சமும் அடங்காமல், சணல் மட்டமாக இருந்தால் தையல் எப்படி விழும் என்று திருப்பிக் கொடுத்தாள். அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வயதாகிறதல்லவா, புத்தி பிசகுகிறது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

விளங்க வைத்தவன் மாரி. நான் ஏறி வந்த அந்த வண்டியின் ஓட்டி. ஒரு நாள் கள்ளுக்கடை வாசலில் நாலு பேருக்கு என் ஒரு காசுக் கதையை எடுத்து விட்டேன். மாரி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, என்னைத் தனியே அழைத்துப் போனான். எட்டு மைலுக்கு அந்த அம்மாள் வாங்குகிற கூலி எவ்வளவு என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டான். தெரியும், மூட்டை ஏற்றினால் அறுபது காசு. அந்த ஒரு வண்டி மூட்டையே ஏற்றுவதில்லை, உடம்புக்கு முடியாதவர்களுக்கென்றே விட்டிருக்கிறது என்றான். தமிழன், மலாய்க்காரன், சீனன், யாராயிருந்தாலும் மூன்றில் ஆரம்பித்து ஒன்றில் முடிக்கிற நாடகம்தான். நான் ஏறியதற்கு முந்தின நாளும் நடந்தது, மறுநாளும் நடந்தது. அந்தப் பெண்ணுக்குக் கூலி கொடுக்கத்தான் நல்ல சாக்கைப் பிரித்ததும் என்றான். "நல்ல மாட்ட அதுல பூட்டுன்னு சொல்லியிருக்காங்க ஐயா. மூட்ட குலுங்கினா அழாது பாருங்க" என்றான்.

எனக்கு வெட்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. பத்து வருஷமாக என் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லித் திரிந்தது தர்மத்தில் ஏறி வந்த சவாரியா? மறுநாளே எட்டாங்கட்டைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். என்னைப் பிச்சைக்காரனாக்க அவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றே கேட்டுவிட்டேன். அவர் மாட்டுக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார், நிமிரக்கூட இல்லை. "காசு குடுத்தீங்கல்ல தம்பி? குடுத்துட்டுத்தானே ஏறினீங்க? அப்புறம் என்ன?" என்றார். பாக்கி ஐம்பத்தொன்பது காசை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். பேரம் முடிந்த சவாரிக்கு மேல்காசு வாங்குவது தொழிலுக்கு அழகில்லை என்று சொல்லிவிட்டார். கோபத்தோடு போனவன் கோபத்தோடேயே திரும்பினேன். எப்படியாவது இந்தக் கடனைத் தீர்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது.

தீர்க்க ஒரு சந்தர்ப்பமும் வந்தது. ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போன வருஷம். தோட்டங்களில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மிச்சமிருந்த சரக்கையும் லாரிக்காரன் அள்ளிக்கொண்டு போனான். அந்த அம்மாளின் ஆறு வண்டி நாலாயிற்று. வண்டி வைத்திருப்பவர்கள் வருஷத்துக்கு இரண்டு தரம் வரி கட்டி, நம்பர் போட்ட தகரத்தை வாங்கி வண்டியில் அடித்துக்கொள்ள வேண்டும். தகரம் இல்லாத வண்டி ரோட்டில் ஓடக்கூடாது. அந்த வரியை அதே வருஷம் கூட்டினார்கள். நாலு வண்டிக்குக் கட்ட அவரிடம் பணமில்லை, மூன்றுக்குத்தான் இருந்தது. புத்தியுள்ள யாரும் எந்த வண்டியை நிறுத்துவார்கள்? ஒரு காசு வண்டியைத்தான். அது நின்றால் எட்டாங்கட்டை நோயாளிகளுக்கு வேறு வழி கிடையாது.

வரி விதிகளை ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். என் மேஜைக்கு நேர் எதிரே. கடைசியில் ஒரு விதி: கூலி எதுவும் பெறாமல் தர்ம காரியத்துக்கு மட்டும் ஓடும் வண்டிக்கு, மனு செய்துகொண்டால், வரி தள்ளுபடி. படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். அன்றே எட்டாங்கட்டைக்கு ஓடினேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை. வண்டியின் நுகத்தடியில் கையை ஊன்றிக்கொண்டு கணக்குப் போட்டார். "நான் பத்து வெள்ளி குடுக்கறேன்னு வச்சுக்குங்க. அதுக்காக சர்க்கார் எனக்கு நாலு வெள்ளி விட்டுக் குடுத்தா, நான் குடுத்தது ஆறுதானே? பத்துன்னு எப்படிச் சொல்லிக்கிறது?"

யாரிடம் சொல்லிக்கொள்ளப் போகிறீர்கள், ஊருக்கே தெரியாமல்தானே செய்கிறீர்கள் என்று மடக்கினேன்.

"எனக்குத் தெரியும்ல."

இந்த அம்மாளிடம் தர்க்கம் பேசுவது வீண் என்று எனக்குப் பட்டது. நேரே விஷயத்துக்கு வந்தேன். தள்ளுபடி கேட்காவிட்டால் அடுத்த மாதம் இந்த வண்டி நிற்கும், நோயாளிகள் எட்டு மைலும் நடப்பார்கள், உங்கள் கணக்கு மட்டும் பத்தாகவே சுத்தமாக இருக்கும் என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். அவர் வண்டியைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார். சரி, எழுதுங்கள் என்றார். ஒரு காசு வாங்குவதையும் மறக்காமல் எழுதச் சொன்னார். பெருவிரலில் மை வைக்கும் முன் என் பெட்டிஷன் கூலியை முழுதாக எண்ணி வைத்தார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கூலியை எடுத்துக்கொண்டால்தான் கை நாட்டு என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நான் ஒரு காசை எழுதவில்லை. விதியில் கூலி எதுவும் பெறாமல் என்று இருக்கிறது. ஒரு காசு ஒரு கூலியா? சின்னப் பிள்ளைக்கு மிட்டாய் வாங்கக்கூடக் காணாது. அதை எழுதிக் காரியத்தைக் கெடுப்பானேன்? 'யாரிடமும் எந்தக் கட்டணமும் ஒருபோதும் பெற்றதில்லை' என்று அழகான இங்கிலீஷில் எழுதி, என் பெயரையும் எழுத்தர் என்று கீழே போட்டேன். நன்றாக எழுதியிருக்கிறோம் என்ற பெருமை வேறு.

இரண்டு வாரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். துரை புதிதாக வந்தவர். மலாய் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் பதிவு செய்கிற விசாரணை என்பதால் இங்கிலீஷில் கேட்டு என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். உள்ளே போகுமுன் வராந்தாவில் அந்த அம்மாளிடம் விதியைச் சொல்லி, காசு வாங்குவதில்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

துரை கேட்டார், இந்த வண்டிக்கு யாரிடமாவது பணம் வாங்குவதுண்டா என்று. நான் தமிழில் கேட்டேன்.

"வாங்குறேன். ஒரு காசு. சும்மா ஏறிக்கன்னா எவனும் ஏற மாட்டான் தொரை. ரோஷக்காரனுங்க. சாகக் கிடந்தாலும் நடந்து போறேம்பானுங்க. காசு குடுத்துட்டா அவன் சவாரிக்காரன், நான் வண்டிக்காரி. அவன் என்னய வையலாம், மெதுவா ஓட்டுங்கலாம். அதுக்குத்தான் அந்தக் காசு. அது கூலின்னா கூலிதான், வரி போட்டுக்கிடுங்க."

அவருக்குச் சந்தை மலாய் நன்றாக வரும். ஒரு காசு என்பதை 'சத்து சென்' என்று மலாயில் ஒரு வார்த்தை விட்டிருந்தால் துரைக்கே புரிந்திருக்கும். சர்க்கார் ஆபீஸ், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்ற மரியாதையில் முழுக்கத் தமிழிலேயே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, நான் சொல்வதற்காகக் காத்து நின்றார். துரையும் என்னைப் பார்த்தார். அவருக்கு முன்னால் என் பெட்டிஷன், அதன் அடியில் என் பெயர். எனக்கு அனுமதிச் சீட்டு ஞாபகம் வந்தது, வீடு ஞாபகம் வந்தது.

எதுவும் வாங்குவதில்லை என்கிறார் என்றேன்.

இவ்வளவு நேரம் அதைத்தானா சொன்னாள் என்று துரை கேட்டார். திரும்பத் திரும்ப அதையேதான் சொல்கிறார் ஐயா என்றேன். துரை தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளுக்கு முகமெல்லாம் சந்தோஷம். ஒளிக்காமல் சொல்லியும் தள்ளுபடி கொடுத்துவிட்டாரே, என்ன நல்ல மனுஷன் என்று வெளியே வந்ததும் சொன்னார். நல்ல மனுஷன்தான் என்று நானும் சொன்னேன். என் கடன் தீர்ந்துவிட்டது, வண்டியும் நிற்காது, யாருக்கு என்ன நஷ்டம் என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

நாலாம் நாள் ஆபீஸிலிருந்து ஆள் போய் வண்டியில் தகரத்துக்குப் பதிலாக ஒரு பலகையை அடித்துவிட்டு வந்தான். தள்ளுபடி பெற்ற வண்டி எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும், திருட்டுத்தனமாகக் கூலிக்கு ஓடக்கூடாது, அதற்காக. இங்கிலீஷ், மலாய்க்காரர் எழுதுகிற ஜாவி, சீனம், தமிழ், நாலு எழுத்திலும் பெரிதாக: இனாம் வண்டி. தர்மத்துக்கு மட்டும். தமிழை எழுதிக் கொடுத்தவன் நான்தான். அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. நம்பர்தான் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். மாரிக்குத் தெரியும், சொல்லப் பயந்து இருந்துவிட்டான்.

வண்டி காலியாகிவிட்டது. சும்மா ஓரிரு நாள் காலியல்ல, இரண்டு மாதம், மூன்று மாதம். வருகிறவன் யாரையாவது விட்டுப் பலகையைப் படிக்கச் சொல்வான், கேட்டுவிட்டு, பரவாயில்லை, இப்போது கொஞ்சம் தேவலை என்று திரும்பிப் போவான். அந்த அம்மாள் மூன்று காசு என்று ஆரம்பித்தால், இனாம் என்று எழுதிவிட்டு மூன்று காசு கேட்பதா என்று மாரியிடம் மட்டும் தனியே சீறிவிட்டுப் போவான். ஒரு சீனக் கிழவர் கைகூப்பிவிட்டு நடையைக் கட்டினார். ஒரு மலாய்ப் பெண் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மைல் நடந்து, பின்னால் வந்த விறகு லாரியில் ஏறிக்கொண்டாள்.

கடைசியில் ஒரு ரப்பர்ப் பால்வெட்டுக்காரன் வந்தான். காலில் புண், கணுக்காலுக்கு மேலே சீழ் வைத்து வீங்கியிருந்தது. பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்ததும் ஏற மறுத்துவிட்டான். மாரி கெஞ்சிப் பார்த்தான், அந்த அம்மாள் அதட்டிப் பார்த்தார். அவன் வண்டியின் பின்கட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். பிடித்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டான். மாரி மாட்டை நடையிலேயே விட்டான். முன்னால் மெத்தை போட்ட காலி வண்டி, பின்னால் அதைப் பிடித்தபடி நொண்டிக்கொண்டு அவன், எட்டு மைல். ஒரு பொழுது முழுக்க ஆயிற்று. அந்த அம்மாளும் கூடவே நடந்து வந்தார். அவன் நடக்கும்போது தான் வண்டியில் உட்கார முடியாது என்று.

அவனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நேரே என் மேஜைக்கு வந்தார். புழுதி முழங்கால்வரை. அந்தப் பலகையைப் பார்த்து அவன் ஏன் மிரண்டான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். படித்துச் சொன்னேன்.

"நான் காசு வாங்குறேன்னு சொன்னது அந்தத் தொரைக்குப் போய்ச் சேரல. அப்படித்தானே தம்பி?"

இல்லை என்று சொல்ல முடியவில்லை. பெட்டிஷனில் எழுதியதையும் உள்ளே மாற்றிச் சொன்னதையும் ஒப்புக்கொண்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். மேஜை ஓரத்தில் உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டே, இப்போது உண்மையைச் சொன்னால் எனக்கு என்ன ஆகும் என்று விசாரித்தார். சீட்டைப் பிடுங்குவார்கள், பொய் மொழிபெயர்ப்புக்கு வழக்கும் போடலாம் என்றேன். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார். சொன்னேன்.

இன்னொரு பெட்டிஷன் எழுதச் சொன்னார். முன்னே நடந்தது எதுவும் அதில் வேண்டாம். இன்றிலிருந்து இந்த வண்டியைக் கூலிக்கு விடப் போகிறேன், தள்ளுபடி வேண்டாம், முழு வரியையும் கட்டுகிறேன் என்று மட்டும் எழுதினால் போதும். பணத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். நாலில் ஒரு வண்டியை மாட்டோடு விற்க ஏற்கெனவே ஆள் பார்த்துவிட்டேன் என்றார். மூட்டை ஏற்றுகிற வண்டி, சம்பாதிக்கிற வண்டி.

மறுவாரம் இரண்டு பேரும் துரைக்கு முன்னால் நின்றோம். அவர் பெட்டிஷனைப் படித்தார், இன்னொரு தரம் படித்தார், நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தன் குமாஸ்தாவைப் பார்த்து இங்கிலீஷில் பேசினார். நாலு மாதம்தான், நான் ஆறு மாதமாவது தாங்கும் என்று நினைத்தேன் என்றார். வரி கூடினதும் தர்மம் பிறக்கிறது, நோயாளியிடம் நாலு காசு பிடுங்கலாம் என்று தெரிந்ததும் தர்மம் செத்துப்போகிறது, இந்தச் சனங்களே இப்படித்தான் என்றார். தர்மப் பெயரில் நாலு மாதம் தப்பிய வரியையும் சேர்த்து வாங்கு என்றார். குமாஸ்தா சிரித்தான். எல்லாம் அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே. அவர் துண்டைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் மடித்து வைத்துக்கொண்டு, மரியாதையாக, துரையின் வாயையே பார்த்தபடி நின்றார்.

எனக்கு இரண்டு வாக்கியம் போதும். இங்கிலீஷில் இரண்டே வாக்கியம். நாக்கு நுனிவரை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்த அறையை நினைத்தால் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவர் சுருக்குப்பையை அவிழ்த்துப் பணத்தை எண்ணி வைத்தார். மேல்வரி கேட்டதும் ஏன் என்று கேட்காமல் அதையும் வைத்தார். புதுத் தகரத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

படி இறங்கும்போது, துரை என்ன சொன்னார் என்று கேட்டார்.

"சரின்னு சொன்னாரு" என்றேன்.

"அவ்வளவு நேரமாவா சரின்னாரு?"

அவர் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"விடுங்க தம்பி. எனக்குத் தெரியாத பாஷை, எம்மேல ஒட்டாது. உங்களுக்குத்தான் புரிஞ்சிருக்கு, பாவம்" என்று சொல்லிவிட்டு, பலகையைக் கழற்றச் சொல்லி மாரியைக் கூப்பிட்டார்.